புரூஃப் சாருக்கு ஒரு தாள்

என் மனைவியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எந்த வரிசையில எழுதப்போறீங்க?" என்பதுதான். வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருப்பார்கள். இவளுக்கு வரிசைதான் கவலை. "பொறந்ததுலேர்ந்து ஆரம்பிச்சா நாலாவது வரியிலயே தூங்கிடுவாங்க. என்ன பிரச்சினை, அதுல நான் என்ன பண்ணேன், அதைச் சொல்லுங்க. பொறந்ததையெல்லாம் நடுவுல எங்கயாவது செருகிக்கலாம்" என்றாள். தன் பிறப்பையே நடுவில் செருகச் சொல்லும் ஒரு பெண்ணோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

சரி, அவள் சொன்னபடியே ஆகட்டும். பிரச்சினை, என் அப்பா.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்சிஜன் எந்திரம் வைக்க வேண்டியதாயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் அந்த எந்திரம் அறையின் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அம்மாவின் மூக்குக்கு அனுப்பும். மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் பேட்டரியின் பலத்தில் வீல் என்று கத்தும். கத்தினால் மூலையில் நிற்கும் சிலிண்டரைத் திறந்து, குழாயைப் பிடுங்கி அதில் மாட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். என் அப்பா சின்னப் பிள்ளை இல்லையே.

அப்பா ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் புரூஃப் பார்த்து, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தி, ஓய்வு பெற்றவர். அச்சகத்தில் அவருக்கு 'புரூஃப் சார்' என்றுதான் பெயர். இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எழுத்து என்று எது கையில் கிடைத்தாலும் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில்தான் முடிப்பார். இருமல் மருந்து வாங்கி வந்தால், அட்டைப் பெட்டியில் இருக்கும் தொழிற்சாலை முகவரிவரை படித்த பிறகுதான் மூடியைத் திறப்பார். அதற்குள் இருமல் தானாகவே நின்றிருக்கும். "படிக்காம விட்ட வரியிலதான்டா தப்பு உக்காந்திருக்கும்" என்பார். வாய் வார்த்தையை அவர் நம்புவதே இல்லை. அச்சகத்தில் யாரோ வாயால் சொன்னதைக் கேட்டு அடித்த தாள்களையெல்லாம் கிழித்துப் போட்ட கதை அவரிடம் ஒரு மூட்டை இருக்கிறது.

இனி என் மனைவி. அவள் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் கையேடு எழுதுகிறாள். கருவியோடு பெட்டிக்குள் வருமே, நாமெல்லாம் பிரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறையில் போடுகிற புத்தகம், அதுதான். அம்மாவின் எந்திரமும் அவள் கம்பெனியில் செய்ததுதான். அதன் கையேட்டை எழுதியதும் அவள்தான்.

இந்த வேலைக்கு அவள் வந்த கதையைத்தான் நடுவில் செருகச் சொன்னாள். அவள் அப்பா லாரி ஓட்டியவர். வாரத்துக்கு ஒருமுறை ஏதோ ஓர் ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வார். அந்தப் போன் எப்போது அறுந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது. இவளுடைய அண்ணன் வாங்கிப் பேசினால், "திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போனேம்பா, அப்புறம் மழை வந்துச்சுப்பா" என்று தொடங்குவான். விஷயம் வருவதற்குள் போன் செத்துவிடும். இவள் கையில் கொடுத்தால், "அப்பா, அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டர் பாத்துட்டாரு. பயப்பட ஒண்ணும் இல்ல. மத்தது அப்புறம்" என்பாள். எட்டு வயதில் பேசிய பேச்சு இது. பிறகு போன் வந்தாலே பேச இவளைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

படித்து முடித்ததும் கம்பெனியில் முதலில் கிடைத்தது, வாடிக்கையாளர்களின் போன் எடுக்கிற வேலை. நாள் முழுக்கத் திட்டு வாங்குவாள். கருவி நன்றாகத்தான் இருக்கும். கையேடு புரியாமல் ஆட்கள் கத்துவார்கள். கையேட்டில் எல்லாமே இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று கண்டுபிடித்து மேலதிகாரியிடம் சொன்னாள். அவரும் நல்ல மனிதர், "அப்ப நீயே எழுதிப் பாரேம்மா" என்றார். அன்றிலிருந்து எழுதுகிறாள்.

கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடத்தினாள். "எழுதறதுக்கு வழி கொஞ்சந்தாங்க இருக்கு. நடந்த வரிசையில சொல்லலாம். இருக்குற இடத்தோட வரிசையில சொல்லலாம், மேலேர்ந்து கீழே, இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம். காரணத்தைச் சொல்லி, அதால என்ன ஆச்சுன்னு சொல்லலாம். ரெண்டைப் பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்கலாம். பிரச்சினையைச் சொல்லித் தீர்வைச் சொல்லலாம். இல்லன்னா முக்கியமானதை முதல்ல போட்டுட்டு மத்ததைப் பின்னாடி தள்ளலாம். ஊர்ல எழுதினது எல்லாம் இதுக்குள்ள அடங்கிடும்."

"நான் உனக்கு எழுதின காதல் கடிதம்?"

"அது எதுக்குள்ளயும் அடங்கலை" என்றாள்.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எனக்குத் தெரிந்த வரிசை இரண்டுதான், மேலே, கீழே. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

கதைக்கு வருகிறேன். அப்போது அவள் சில நாள் லீவில் இருந்தாள். துவைத்த துணியைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். அதற்குள் மின்சாரம் நின்றுபோய், திரும்பி இறங்கும்போது கதவுக்கு வெளியிலேயே எந்திரத்தின் அலறல் கேட்டிருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா கட்டில் சட்டத்தைக் கையால் தட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையேட்டை மடியில் விரித்து, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்கிறார்: "எந்திரத்தைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைக்கவும்."

இவள் பாய்ந்து சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். அம்மாவுக்கு மூச்சு வந்தது. அப்பா இன்னும் கையேட்டை மூடவில்லை.

"நாலாம் பக்கம் வந்துட்டேம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல விஷயத்துக்கு வந்திருப்பேன்" என்றார்.

விஷயம் பதினோராம் பக்கத்தில் இருந்தது. பெட்டியைப் பிரிப்பது, எந்திரத்தை நிறுத்துவது, தினமும் துடைப்பது, வாரம் ஒருமுறை கழுவுவது, அதற்குப் பிறகுதான் எந்தச் சத்தத்துக்கு என்ன செய்வது என்கிற பகுதி. நடந்த வரிசை. கம்பெனியில் எல்லோரும் பாராட்டிய கையேடு அது. அன்று மாலையே அவள் மேலதிகாரிக்கு எழுதி, அடுத்த பதிப்பில் சத்தங்களை முன்னட்டைக்கு உள்பக்கம் கொண்டுவர ஏற்பாடு செய்துவிட்டாள். அது ஊருக்கு. அதோடு என் அப்பா திருந்துவார் என்று அவள் நம்பவில்லை.

செய்தி கேட்டு என் அக்கா வெளியூரிலிருந்து வந்து இறங்கினாள். என் அக்கா வந்தால் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுவாள்.

"இங்க பாரு தம்பி, ரெண்டுல ஒண்ணு. அம்மாவை நோயாளிங்களைப் பாத்துக்குற விடுதியில விட்டுடு. இல்ல, உன் பொண்டாட்டி வேலையை விடட்டும். அப்பாவை நம்பி அம்மாவை விட்டுட்டுப் போக முடியாது."

பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துப் பார்த்தாகிவிட்டது. வந்த இரண்டு பேருமே நிலைக்கவில்லை. அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் எனக்கும் பட்டது, சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அம்மா கட்டிலில் இருந்தபடி, "நான் இந்த வீட்டை விட்டு எங்கயும் வரமாட்டேன்" என்றாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

என் மனைவி பதறவில்லை. "பிரச்சினையைச் சரியாச் சொன்னீங்க அண்ணி. தீர்வுக்குத்தான் அவசரப்பட்டுட்டீங்க. என் லீவு முடியறவரைக்கும் டைம் குடுங்க. மாமா படிச்ச உடனே செய்யற மாதிரி ஒரு தாள் எழுதறேன்."

"ஒரு தாள் எழுதி என் அம்மா உசுரைக் காப்பாத்தப் போறியா?"

"அதுதானே அண்ணி என் வேலை" என்றாள்.

அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். எனக்கு அந்த நம்பிக்கை துளிகூட இல்லை, ஆனால் அவள் அப்படிப் பேசும்போது அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மறுநாளே சோதனை ஆரம்பமாகிவிட்டது. அம்மாவைச் சிலிண்டரில் மாற்றிவிட்டு, எந்திரத்தின் குழாயை ஒரு தலையணைக்கு மாட்டினாள். தலையணைதான் நோயாளி. அதற்குத் தனியாக இன்னொரு சிலிண்டர். எந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினால் அலறும். அப்பா தாளைப் பார்த்துத் தலையணையைக் காப்பாற்ற வேண்டும். அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு நடுவராக இருந்தாள்.

முதல் தாள், முக்கியமானது முதலில். 'சத்தம் கேட்டால் உடனே சிலிண்டரைத் திறக்கவும்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிலேயே போட்டிருந்தாள். விவரமெல்லாம் கீழே. அலறல் கேட்டதும் அப்பா தாளை எடுத்தார். முதல் வரியைப் படித்தார், தலையை ஆட்டினார், இரண்டாம் வரிக்குப் போனார். அடிக்குறிப்புவரை போய்விட்டுத்தான் எழுந்தார்.

"தலையணை போய்ச் சேர்ந்துடுச்சு" என்று அம்மா அறிவித்தாள்.

இரண்டாவது, காரணமும் விளைவும். சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன காரணம், மஞ்சள் எரிந்தால் என்ன காரணம், எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தாள். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மோவாயைத் தடவிக்கொண்டு, "ஏம்மா, வடிகட்டி அடைச்சா மஞ்சள், குழாய் மடங்கினாலும் மஞ்சளா? அப்ப எதுன்னு எப்படித் தெரியும்?" என்று விவாதத்தில் இறங்கிவிட்டார். எந்திரம் பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, இடத்தின் வரிசை. தாளே கிடையாது. எந்தப் பொருளைத் தொட வேண்டுமோ அந்தப் பொருளின் மேலேயே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினாள், எண் போட்டு. எந்திரத்தில் ஒன்று, சிலிண்டரில் இரண்டு, குழாய் முனையில் மூன்று. எனக்கே இது பலிக்கும் போலத் தோன்றியது. அலறல் கேட்டதும் அப்பா விறுவிறுவென்று எழுந்தார், சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார், மேசைக்குக் கொண்டுபோய் வரிசையாக அடுக்கினார்.

"மூணைக் காணோமே" என்றார். அது கட்டிலுக்கு அடியில் பறந்து போயிருந்தது.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் விடுதியின் முகவரியே தெரிந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்பா! படிக்காதீங்கப்பா! சிலிண்டரைத் தொறங்கப்பா! நாங்கதான் வாயால சொல்றோமே, அது போதாதா?"

அப்பா என்றைக்கும் கத்தாதவர். அன்று கத்தினார். "படிக்காம கை வச்சுத் தப்பாப் போச்சுன்னா? புஸ்தகத்துல தப்பு விட்டா அடுத்த பதிப்புல திருத்திக்கலாம். இது அவ மூச்சுடா!"

எந்திரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பிளக்கைச் செருகினேன். அவரைப் பிடிவாதக்காரக் கிழவர் என்றே நினைத்திருந்தேன். மனிதர் பயந்துபோய்ப் படித்திருக்கிறார். அது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

என் மனைவி அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "மாமா, ஒண்ணு கேக்கறேன். எந்த இடத்துல படிக்கறதை நிறுத்தலாம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "முடிஞ்ச இடத்துலதான். முடியறதுக்கு முன்னாடி நிறுத்தினா, கீழ 'ஆனால்'னு ஒரு வரி இருந்துச்சுன்னா என்ன பண்றது?"

"அதாவது, கீழ 'இப்படிச் செய்யாதே'ன்னு ஏதாவது இருக்குமோன்னு பயம்."

"பின்ன? எத்தனை புஸ்தகத்துல பாத்திருக்கேன்."

அம்மா கட்டிலிலிருந்து சொன்னாள். "மூணு தடவை அந்தத் தலையணையைக் கொன்னீங்களே, ஒருத்தராவது அது மூஞ்சியைப் பாத்தீங்களா?"

"தலையணைக்கு ஏதும்மா மூஞ்சி?" என்றேன் நான்.

"அதைத்தான் சொல்றேன்" என்றாள் அம்மா.

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. அதில் இவ்வளவுதான் இருந்தது:

அவர் முகத்தைப் பாருங்கள்.
மூச்சுத் திணறினால், சிலிண்டர் சாவியை இடப்பக்கம் திருப்புங்கள்.
குழாயை எந்திரத்திலிருந்து எடுத்துச் சிலிண்டரில் மாட்டுங்கள்.
மறுபடி அவர் முகத்தைப் பாருங்கள்.
முற்றும்.

அக்கா பதறிப்போனாள். "அடிப்பாவி! நோயாளி கட்டில்கிட்ட போய் யாராவது முற்றும்னு எழுதி வைப்பாங்களா?"

"மாமாவுக்கு அந்த ஒரு வார்த்தை வேணும் அண்ணி. இல்லன்னா அவரால எழுந்திருக்க முடியாது. மத்த விவரம், ஆம்புலன்ஸ் நம்பர், எல்லாம் வேற தாள்ல. அது சாவகாசமாப் படிக்க."

"எழுதிட்டுப் போறா விடுடி" என்றாள் அம்மா. "முற்றும்னு பாத்தாத்தான் உங்கப்பா கையைக் கீழ வைப்பார்."

இவள் தாளை அப்பாவிடம் நீட்டினாள், பேனாவோடு. "மாமா, புரூஃப் பாத்துக் குடுங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஐந்து வரியோடு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. சிலிண்டரிடம் போய்ச் சாவி இடப்பக்கம்தான் திரும்புகிறதா என்று திருப்பிப் பார்த்தார். குழாயைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். 'மூச்சுத் திணறினால்' என்றால் எப்படி இருக்கும் என்று அம்மாவிடமே கேட்டார். "உதடு வெளுத்துப்போகும். மூக்கு விடைக்கும். பேச வராது" என்று அம்மா பொறுமையாகச் சொன்னாள். கடைசியில் தாளின் மூலையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அச்சுக்குப் போகலாம்" என்றார்.

அவள் அதைப் பெரிதாக அச்சடித்துக் கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் மாட்டினாள். பிறகு செய்த சோதனையில் தலையணை கிடையாது. அம்மாவே நோயாளி, என் மனைவி பக்கத்தில் தயாராக நின்றாள். அவள் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா ஊருக்குக் கிளம்பினாள், ஆனால் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. "பக்கத்துல ஆள் நிக்கும்போது யாரும் செய்வாங்க. தனியா இருக்கும்போது தெரியும் சேதி. அப்பக் கோட்டை விட்டாருன்னா நான் சொன்னதுதான் நடக்கும்" என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

லீவு முடிந்து என் மனைவி வேலைக்குப் போனாள். அந்த வாரமே ஒரு நண்பகலில் வட்டாரம் முழுக்க மின்சாரம் போனது. நான் அப்போது ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தேன். லிஃப்டுக்குள் ஆட்கள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை விட்டுவிட்டு வரவும் முடியாது. ஒரு கையால் நெம்பிக்கொண்டே இன்னொரு கையால் வீட்டுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். "நானும் போட்டுப் பாத்துட்டேன். எடுக்கலை. கெளம்பிட்டேன்" என்றாள். அவள் குரலில் முதல்முறையாக நடுக்கம் கேட்டது.

மாட்டியவர்களை வெளியே இழுத்துவிட்டு, பைக்கை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் கட்டடத்தின் வாசலில் அவளும் வந்து சேர்ந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினோம். மேலே போகப் போக எந்திரத்தின் அலறல் கூடிக்கொண்டே வந்தது. அவள் படியில் ஒரு கணம் நின்று என் கையைப் பிடித்தாள். பிறகு என்னை முந்திக்கொண்டு ஓடினாள்.

அறையில் எந்திரம் அலறிக்கொண்டிருந்தது. போன் மேசையில் கிடந்தது. சிலிண்டரிலிருந்து உஸ்ஸென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, இமை கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் உதட்டில் நல்ல நிறம் இருந்தது.

நான் போய் எந்திரத்தை அணைத்தேன். என் மனைவி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"வந்துட்டியாம்மா" என்றாள் அம்மா. "கரண்ட் போன உடனே தொறந்து மாட்டிட்டார். அதெல்லாம் ஒரு குறையும் இல்லை. அதுலேர்ந்து இப்படியே உக்காந்திருக்கார். போன் அடிக்குது, எடுக்கமாட்டேங்கறார். அந்த மெஷின் வாயை மூடுங்கன்னா மூடமாட்டேங்கறார். வச்ச கண்ணு வாங்கலை. எனக்கு வெட்கமா இருக்கு."

அப்பா அப்போதும் தலையைத் திருப்பவில்லை. "மறுபடி முகத்தைப் பாருங்கள்னு போட்டிருக்கே தவிர, எவ்வளவு நேரம் பாக்கணும்னு போடலையேம்மா" என்றார்.

என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. "என் தப்புதான் மாமா. இப்பவே திருத்திடறேன்" என்று கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த தாளிடம் போனாள்.

"அதுல கை வைக்காதே" என்றாள் அம்மா. "அவர் சரின்னு கையெழுத்துப் போட்டது. அது அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் என் மனைவி, அம்மாவை அப்பாவிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் போனாள்.